ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்லா? ‘கான்கிரீட்’ சொல்லும் பாடம்

நம் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் வந்த தீர்மானத்தை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரில் தமிழ்வழியில் பயிலும் பள்ளி மாணவர்களுக்காக நாம் எழுதி அனுப்பவிருக்கும் கட்டுரைத் தொகுதிக்கு ஒரு சொற்பட்டி வேண்டும். அப்பட்டியில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல்தான் இருக்க வேண்டும். பொறியியல் எழுதுவோரும், பொருளியல் எழுதுவோரும், தத்துவம் எழுதுவோரும் அதையே ஆள வேண்டும். இதுதான் தீர்மானம். விவாதம் முடியாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் என் கருத்தை இவ்விதழ் வாயிலாகச் சொல்லிவிட விரும்புகிறேன். தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன்.

எதிர்ப்பதற்கு முன் அதிலுள்ள நியாயத்தை ஒப்புக்கொள்வது முறை. ஒரே கருத்தை ஒருவர் ‘விசை’ என்றும் மற்றொருவர் ‘பலம்’ என்றும் எழுதினால், படிக்கும் சிறுவன் திண்டாடுவான். இரண்டும் ஒன்றா, வேறா என்று அவன் யாரைப் போய்க் கேட்பான்? ஆகவே ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தீர்மானம் சொல்வது அது அன்று. ‘ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு’ என்று அது சொல்கிறது. கருத்து வேறு, ஆங்கிலச் சொல் வேறு. ஆங்கிலேயர் தம் மொழியில் ஒரே கூடையில் நான்கு சாமான்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதற்காக நாமும் அப்படியே செய்ய வேண்டுமா?

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு சொல்லை எடுத்து ஆராய்வது நலம். நாம் வாழ்வது சண்டிகரில். இந்த நகரில் வாழ்வோருக்குக் ‘கான்கிரீட்’டைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எது? திரும்பிய பக்கமெல்லாம் அது நிற்கிறது. பேசும் வாயிலெல்லாமும் அதுவே வருகிறது: ‘கான்கிரீட்டாக ஏதாவது சொல்லுங்கள்’, ‘கான்கிரீட் ஆதாரம் உண்டா?’, ‘கான்கிரீட் நடவடிக்கை எடுக்கப்படும்’. வகுப்பறையில் வேறொரு கான்கிரீட் இருக்கிறது. இலக்கண ஆசிரியரும் தருக்க ஆசிரியரும் அதை வைத்துக்கொண்டு நம்மைத் தேர்வில் மடக்குகிறார்கள். இத்தனைக்கும் தமிழில் ஒரே சொல் கண்டுபிடிக்க வேண்டுமாம்!

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் ‘கிரெஸ்கெரே’ என்றால் வளர்தல். ‘கான்’ என்பது கூட, சேர்ந்து என்னும் பொருள் தரும் முன்னொட்டு. இரண்டும் இணைந்து ‘கூடி வளர்ந்தது’, ‘சேர்ந்து இறுகியது’ என்று ஆயிற்று. பாலில் உறை ஊற்றினால் தயிராகத் திரள்கிறதே, அது போன்ற நிகழ்ச்சியைக் குறிக்கும் சொல் அது. தருக்க நூலாரும் மெய்யியலாரும் அதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டனர். வீடு கட்டும் கலவைக்கு அப்பெயர் வந்தது பின்னாளில்தான். பலர் நினைப்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. கட்டடக் கான்கிரீட்டைப் பார்த்துத்தான் ‘கான்கிரீட் யோசனை’ என்ற வழக்குத் தோன்றியது என்று நம் நண்பர்களில் சிலர் வாதிட்டார்கள். அல்ல, தத்துவக்காரரிடமிருந்துதான் கொத்தனாரிடம் சொல் வந்திருக்கிறது.

அப்படி வந்தாலும் கொத்தனாரிடம் அது பொய்யாகவில்லை. ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்று கலந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். சென்ட்ரிங் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, கம்பி கட்டி, அதன்மேல் கலவையைக் கொட்டுகிறார்கள். மறுநாள் பார்த்தால் கல்லாகியிருக்கிறது. ‘காய்ந்துவிட்டது’ என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது காய்வதே இல்லை! சிமெண்ட்டில் உள்ள சேர்மங்கள் தண்ணீரோடு வினைபுரிந்து புதிய பொருள்களாகின்றன. அவை மணலுக்கும் ஜல்லிக்கும் இடையே வளர்ந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அதனால்தான் தளம் போட்ட மறுநாள் அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். காய வேண்டிய பொருளுக்கு யாராவது தண்ணீர் கட்டுவார்களா? கடலுக்கடியிலும் கான்கிரீட் இறுகும். 28 நாள் கழித்துத்தான் அதன் வலிமையைச் சோதித்துக் கணக்கெழுதுவது பொறியாளர் வழக்கம். அதன் பிறகும் பல காலம் அது மெல்ல மெல்ல வலுப்பெறுகிறது. கூடி வளர்ந்தது என்ற பெயர் இதைவிட எதற்குப் பொருந்தும்?

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. இன்று நாம் சிமெண்ட் என்பது பசை. ஆனால் அதன் மூலமாகிய ‘கைமெண்டும்’ என்ற இலத்தீன் சொல் உடைகல்லைக் குறித்தது. அதாவது, நம் ஜல்லியை! காலப்போக்கில் கல்லின் பெயர் பசைக்குப் போய்விட்டது. உரோமர்கள் சுண்ணாம்பையும் எரிமலைச் சாம்பலையும் உடைகல்லையும் கலந்து, கி.பி. 126 வாக்கில் பாந்தியன் கோயிலின் மேற்கவிகையை எழுப்பினார்கள். ஏறத்தாழ 43 மீட்டர் அகலம், உள்ளே ஒரு கம்பி இல்லை, இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு உரிமை பெற்றது 1824இல்தான். போர்ட்லண்ட் என்ற இடத்துக் கல்லின் சாயல் அதற்கு இருந்ததால் அப்பெயரிட்டார். அந்த ஊருக்கும் அவர் சரக்குக்கும் வேறு உறவு இல்லை. சொற்கள் எவ்வளவு தாராளமாக இடம் மாறுகின்றன, பாருங்கள்.

சரி, கட்டடக் கான்கிரீட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது? நூல்களில் ‘கற்காரை’ என்று எழுதுவோர் இருக்கிறார்கள். அழகான சொல்தான். சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துக் கட்டிய காலத்துக் ‘காரை’ நமக்குத் தெரியும். ‘காரை வீடு’ என்று பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். அந்தக் காரையோடு கல்லும் சேர்ந்தது கற்காரை. குறை சொல்ல இடமில்லை. ஆயினும் நம் தொகுதியைப் படிக்கப்போகும் சிறுவனின் தந்தை ஒருவேளை கொத்தனார். தாய் ஒருவேளை சித்தாள். அவர்கள் வீட்டில் ‘கான்கிரீட் போட்டாச்சு’ என்ற பேச்சு நாள்தோறும் நடக்கிறது. 2010இல் குடிசைகளை மாற்றிக் கட்டித்தரும் திட்டம் தமிழ்நாட்டில் வந்தபோது, ‘கான்கிரீட் வீடு’ என்பதுதான் எல்லார் வாயிலும் வழங்கிய பெயர். ஏழையின் ஆசைக்கே பெயராகிவிட்ட ஒரு சொல்லை அயல்மொழிச் சொல் என்று நாம் வெளியே நிறுத்துவது நன்றாயிராது. கட்டடப் பொருளுக்குக் கான்கிரீட் என்றே எழுதுவோம். கற்காரையை ஓரிடத்தில் அறிமுகப்படுத்தி வைப்போம். அது நிலைத்தால் நிலைக்கட்டும்.

ஆனால் அடுத்த கட்டுரையைத் தத்துவம் பயிலும் நண்பர் எழுதுகிறார். அவருக்குக் கான்கிரீட்டும் வேண்டாம், கற்காரையும் வேண்டாம். ‘மாமரம்’, ‘பசு’, ‘நாற்காலி’ ஆகியவை ஒருபுறம். ‘அன்பு’, ‘நீதி’, ‘வெண்மை’ ஆகியவை மறுபுறம் என்று அவர் பிரித்துக்காட்ட வேண்டும். அங்கே ‘கற்காரைப் பெயர்ச்சொல்’ என்று எழுதினால் உலகம் சிரிக்குமல்லவா? தீர்மானத்தை அப்படியே நிறைவேற்றினால் அதைத்தான் எழுத வேண்டி வரும். அங்கே ‘பருப்பொருள்’ என்றும் ‘நுண்பொருள்’ என்றும் சொல்ல நமக்குத் தடையென்ன? இங்குள்ள இந்தி நூல்களில் ‘மூர்த்த’, ‘அமூர்த்த’ என்று எழுதுகிறார்கள்.

ஆனால் நண்பரிடம் ஒரு வேண்டுகோள். ஆங்கில இலக்கணத்தின் இந்த இரண்டு பெட்டிக்குள் தமிழைத் திணிக்க வேண்டா. நன்னூலார் பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாக வகுத்தார். இவற்றில் ‘காலை’ பருப்பொருளா, நுண்பொருளா? ‘ஓட்டம்’? ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள் இக்கேள்விக்கு விழிப்பதை நான் கண்டிருக்கிறேன். நன்னூல் படித்தவருக்குக் கேள்வியே எழாது, ஒன்று காலப்பெயர், மற்றொன்று தொழிற்பெயர், முடிந்தது. இன்னொன்றும் பார்க்க வேண்டும். ‘வீட்டுக்கு வெள்ளை அடித்தான்’ என்கிறோம். வெள்ளை என்பது நிறம். ஆனால் அடித்தது நிறத்தையா? சுண்ணாம்பை. இதைப் பண்பாகுபெயர் என்று நம் ஆசிரியர்கள் சொல்லித் தந்தார்கள். நுண்பொருளின் பெயர் பருப்பொருளுக்கு ஆகிவரும் வழியை நம் இலக்கணம் தனியே பெயரிட்டு வைத்திருக்கிறது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலிலும் இதே சிக்கலோடு மல்லுக்கட்டுகிறார். ‘வெள்ளை’ என்பது வெண்மையுடைய பொருள்களின் பெயராதலால் அது கான்கிரீட் பெயர் என்றும், ‘வெண்மை’தான் அதற்கு எதிரானது என்றும் அவர் முடிவு செய்தார். ஆகுபெயரை அறிந்தவர்களுக்கு அவர் பட்ட பாடு நன்றாகப் புரியும்.

சைவ நூல்களைப் பயின்றவர்கள் இன்னொரு படி மேலே போவார்கள். அருவம், உருவம் என்ற இரண்டோடு அவர்கள் நிற்கவில்லை. இடையிலே அருவுருவம் என்று ஒன்றை வைத்தார்கள். இலிங்கம் அருவுருவம். கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் முகமும் கைகால்களும் இல்லை. சமய நம்பிக்கை எனக்கு இருக்கிறதா, இல்லையா என்பது இங்கே வேண்டாத பேச்சு. இரண்டு பெட்டி போதாது என்று கண்டறிந்த கூர்மையைத்தான் நான் சுட்டுகிறேன்.

ஓவியம் பயிலும் நண்பர்களிடம் போனால் நிலைமை தலைகீழாகிவிடும். கட்டமும் கோடும் வண்ணமுமாக ஒரு படம், மரமில்லை, மனிதனில்லை. அதை நாம் ‘அருவ ஓவியம்’ என்கிறோம். 1930இல் பாரிசில் தேயோ வான் தூஸ்பர்க் என்ற ஓவியர் தம் கூட்டாளிகளோடு ஓர் அறிக்கை வெளியிட்டு, இத்தகைய படத்துக்குத்தான் ‘கான்கிரீட் கலை’ என்ற பெயர் தகும் என்றார். அவர் வாதம் இலேசானதன்று. திரையில் வரைந்த பசு பால் கறக்குமா? அது பசுவைப் போன்ற ஒரு மாயத் தோற்றம். ஆனால் திரையில் உள்ள சிவப்பு உண்மையான சிவப்பு. கோடு உண்மையான கோடு. எது மெய்யாக அங்கே இருக்கிறதோ அதுவே கான்கிரீட்! ஒரே படத்தை ஒருவர் அருவம் என்கிறார், ஒருவர் அதற்கு எதிர்ச்சொல்லால் அழைக்கிறார். இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. 1948இல் பிரெஞ்சு வானொலியில் பியேர் ஷேஃபர் இரயில் வண்டியின் ஓசைகளைப் பதிவு செய்து, அவற்றை வெட்டி ஒட்டி இசையாக்கி, அதற்கும் இப்பெயரையே வைத்தார். சுரம் எழுதி அதற்குப் பிறகு ஓசை தேடுவதில்லை. காதில் விழுந்த ஓசையிலிருந்தே தொடங்குவது. 1950களில் பிரேசிலிலும் சுவிட்சர்லாந்திலும் எழுத்துகளைத் தாளில் உருவமாக அடுக்கிக் கான்கிரீட் கவிதை என்றார்கள். ‘இது நம் சித்திரகவிதானே! நாகபந்தமும் முரசபந்தமும் தண்டியலங்காரத்திலேயே உண்டே’ என்று உடனே மார்தட்டும் நண்பர்களுக்கு ஒரு சொல்: அவசரப்பட வேண்டா. நாகபந்தத்தில் யாப்பு கெடாத முழுச் செய்யுள் ஒன்று பாம்பின் உடலுக்குள் அடங்கி நிற்கிறது. பாம்பை எடுத்துவிட்டாலும் செய்யுள் செய்யுளாகவே இருக்கும். மேற்கத்தியார் செய்ததில் உருவத்தை எடுத்துவிட்டால் பல வேளைகளில் ஒன்றும் மிஞ்சாது. உறவு உண்டு, ஒன்று என்று சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பூட்டிய கான்கிரீட் ஒன்று தமிழ்நாட்டிலேயே தயாராகிறது. மல்லிகைப் பூவைக் கரைப்பானில் இட்டு மணத்தை இறக்கி, கரைப்பானை ஆவியாக்கிவிட்டால், மெழுகு போன்ற ஒரு பொருள் அடியில் தங்கும். நறுமணத் தொழிலில் அதற்குப் பெயர் கான்கிரீட்! ஆயிரம் கிலோ பூவுக்கு ஏறத்தாழ மூன்று கிலோதான் தேறும். சத்தியமங்கலம் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு அந்த ஆயிரம் கிலோவுக்குப் பின்னால் எத்தனை விரல்கள், எத்தனை விடியற்காலைகள் என்பது தெரியும். அந்த மெழுகைச் சாராயத்தில் கழுவி மெழுகுப் பகுதியை நீக்கினால் கிடைப்பதற்கு ‘அப்சல்யூட்’ என்று பெயர். கான்கிரீட்டிலிருந்து அப்சல்யூட்டுக்குப் போக ஹெகலுக்கு எத்தனையோ தடித்த நூல்கள் வேண்டியிருந்தன. நம்மூர்ப் பூத் தொழிற்சாலையில் இரண்டு கலத்தில் காரியம் முடிந்துவிடுகிறது.

இப்போது நண்பர்கள் கேட்கலாம்: ‘ஆங்கிலத்தில் ஒரே சொல் இத்தனை வேலையையும் செய்கிறதே, தமிழுக்குப் பல சொல் வேண்டியிருப்பது தமிழின் குறையல்லவா?’ கூட்டத்தில் ஒருவர் ஏறக்குறைய இதையே கேட்டார். பிரெஞ்சுக்காரரைக் கேளுங்கள். கட்டடப் பொருளுக்கு அவர்கள் சொல் ‘பெத்தோன்’, கருத்துலகிலே ‘கான்க்ரே’. ஜெர்மானியருக்கு ஒன்று ‘பெட்டோன்’, மற்றது ‘கொன்க்ரெட்’. ருசியர்களும் அப்படியே இரண்டாகத்தான் வழங்குகிறார்கள். நம் சண்டிகரின் தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், சட்டமன்றம் ஆகியவற்றை வடிவமைத்த லெ கோர்பூசியே, பூச்சுப் பூசாமல் பலகையின் ரேகை தெரியும்படி விட்ட கான்கிரீட்டுக்குப் ‘பெத்தோன் ப்ரூத்’ என்றார். பண்படுத்தாத கான்கிரீட் என்பதே பொருள். அந்தப் ‘ப்ரூத்’திலிருந்துதான் ஆங்கிலத்தில் ‘ப்ரூட்டலிசம்’ என்ற பெயர் வந்தது. அதைக் ‘கொடூரவியல்’ என்று மொழிபெயர்த்த ஒரு கட்டுரை என் கையில் அகப்பட்டது! 2016இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட கட்டடங்களுக்கு நம் மொழிபெயர்ப்பாளர் சூட்டிய பட்டம் கொடூரம். சொல்லைப் பார்த்துச் சொல் எழுதினால் இப்படித்தான் முடியும்.

அண்டை வீட்டு இந்தியையும் பாருங்கள். வீட்டுக்கு ‘கங்க்ரீட்’, நடவடிக்கைக்கு ‘டோஸ்’. ‘டோஸ் கதம்’ என்று செய்தித்தாளில் நாள்தோறும் படிக்கிறோம். ‘டோஸ்’ என்றால் உள்ளீடு நிறைந்த கெட்டி. ‘பக்கா’ என்பதும் அவர்களுடையதே. வெந்தது, பழுத்தது என்று தொடங்கி, உறுதியான வீட்டுக்கும் உறுதியான பேச்சுக்கும் வந்து சேர்ந்தது. இலத்தீன்காரன் வளர்ந்து இறுகியதை உறுதி என்றான். இந்திக்காரன் அடுப்பில் வெந்ததை உறுதி என்றான். நாம்? நமக்குக் ‘கெட்டி’ இருக்கிறது. தயிர் கெட்டி, சுவர் கெட்டி, ஆள் கெட்டி, வாக்குக் கெட்டி. ‘திண்மை’ இருக்கிறது. கல்லின் திண்மையே ‘திண்ணம்’ என்று ஐயமற்ற உண்மைக்கும் ஆகிறது. பொருளின் இறுக்கத்திலிருந்து கருத்தின் உறுதிக்குப் போகும் பாதையைத் தமிழ் தானாகவே போட்டு வைத்திருக்கிறது. ஆங்கிலப் பாதையில் போய்த் திரும்பி வர வேண்டிய அவசியமில்லை.

அப்படியிருந்தும் நம் அறிக்கைகளில் என்ன எழுதுகிறோம்? ‘மாணவர் விடுதிப் பிரச்சினையில் கான்கிரீட் நடவடிக்கை எடுக்கப்படும்.’ இந்த வாக்கியத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். என்ன நடவடிக்கை? யார் எடுப்பார்? எந்தத் தேதிக்குள்? ஒன்றும் இல்லை. இச்சொல் வரும் இடத்தில்தான் அது குறிக்கும் பொருள் பெரும்பாலும் இல்லாமல் இருக்கிறது. வாளி உடைந்திருக்கிறது, நாளை மாற்றித் தருகிறோம் என்பவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதே இல்லை, அவருக்குத் தேவையில்லை. இந்த வாக்கியத்தை மொழிபெயர்ப்பு இயந்திரத்திடம் ஆங்கிலத்தில் கொடுத்தால் ‘கான்கிரீட் படிகள்’ என்று திருப்பித் தந்தாலும் வியப்பில்லை. அதிலாவது ஏறிப் போகலாம்.

இங்கே இன்னும் ஆழமான ஒரு பொருள் இருக்கிறது. அதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். ஹெகல் 1807 வாக்கில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். நுண்பொருளாகச் சிந்திப்பவர் யார் என்று அதில் கேட்கிறார். படித்த மேதைகள் என்று நாம் விடை சொல்வோம். அவர் இல்லை என்கிறார். கொலைகாரன் ஒருவனைத் தூக்குமேடைக்கு இழுத்துப் போகிறார்கள். கூட்டம் அவனிடம் கொலைகாரனை மட்டும் பார்க்கிறது. அவன் எப்படி வளர்ந்தான், எந்தக் கொடுமையிலிருந்து வந்தான் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஒரு மனிதனிடமுள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே ஒரு தன்மையை மட்டும் நிறுத்திக்கொள்வதுதான் அருவச் சிந்தனை என்கிறார் அவர். பல தன்மைகளும் பல உறவுகளும் கூடி வளர்ந்த முழுமையாக ஒன்றைக் காண்பதே கான்கிரீட். அரை நூற்றாண்டு கழித்து, 1857இல் மார்க்சும் பொருளியல் ஆராய்ச்சியின் முறையைப் பற்றி எழுதியபோது இதே கருத்தைத் தம் வழியில் எடுத்தாண்டார்: பல உறவுகள் ஒன்றாகக் கூடியிருப்பதனால்தான் ஒன்று கான்கிரீட் ஆகிறது. இலத்தீனின் பழைய பொருளுக்கே அவர்கள் திரும்பிப் போனார்கள். இங்கே ‘பருப்பொருள்’ என்ற சொல் உதவாது. தொட்டுப் பார்க்க முடிவதெல்லாம் பருப்பொருள். ஆனால் தொடக்கூடியதை நாம் முழுமையாகக் கண்டுவிட்டோம் என்பதற்கு என்ன உறுதி?

இது வெறும் நூலறிவு என்று நினைப்பவர்கள், நம்மை இங்கே என்னவென்று அழைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ‘மதராஸி’. திருநெல்வேலிக்காரர், தருமபுரிக்காரர், தறி நெய்தவர் மகன், தாசில்தார் மகள், பாட வருபவர், பந்தாட வருபவர் யாராயிருந்தாலும் இட்டிலியும் எண்ணெய்த் தலையுமாக ஒரே உருவம். நம்மை நேரில் பார்த்து, தோளில் தட்டித்தான் அப்படி அழைக்கிறார்கள். ஆனாலும் ஹெகல் கணக்குப்படி அது முழுக்க அருவச் சொல். நமக்கு அது வலிக்கிறது. சங்கத்தில் கூடி வருந்துகிறோம்.

அதே நாம் விடுமுறையில் ஊருக்குப் போகிறோம். தெருக்கோடியில் அடுக்குமாடி எழுகிறது. கலவை இயந்திரத்தின் அருகே நின்று ஜல்லி அள்ளுபவர் பீகாரிலிருந்து வந்தவராயிருக்கலாம். கம்பி கட்டுபவர் ஒடிசாவிலிருந்து. பலகை அடிப்பவர் வங்காளத்திலிருந்து. நம் வீடுகளின் தளங்களை இன்று பெருமளவுக்கு அவர்களே போடுகிறார்கள். நம் தெருவில் அவர்களுக்கெல்லாம் ஒரே பெயர்: ‘வடக்கன்’. அவர் வாயில் வருவது மைதிலியா, ஒடியாவா, வங்காளமா என்று கேட்பவர் எத்தனை பேர்? இந்தி மண்ணில் நான்கு ஆண்டு இருந்துவிட்டு வந்த நாமாவது கேட்கலாமே! நம் நண்பர் ஒருவர் சென்ற கோடையில் அப்படிக் கேட்டார். அந்தத் தொழிலாளி தம் ஊரில் பள்ளி இறுதி வரை படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர், கலவையின் அளவை மேஸ்திரியே அவரைக் கேட்டுத்தான் போடுகிறாராம். ‘வடக்கன்’ என்ற சொல்லுக்குள் இதில் எது இருக்கிறது?

இந்தப் பொருளில் கான்கிரீட்டைத் தமிழில் சொல்ல நான் ‘திரண்ட’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். திரண்ட உண்மை, திரண்ட பார்வை. பலவும் கூடி ஒன்றாவதைத் தமிழில் ‘திரள்’ என்கிறோம். வெண்ணெய் திரள்வதும் மக்கள் திரள்வதும் அதே சொல்லால்தான். ‘பருண்மையான’ என்று எழுதுவோரும் உண்டு. அதில் கனம் இருக்கிறது, கூட்டம் இல்லை. இதைவிட நல்ல சொல் சொல்வோர் இருந்தால் ஏற்றுக்கொள்ளத் தடையில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவரப் போகிறேன். தீர்மானத்தில் ‘ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு’ என்பதை எடுத்துவிட்டு, ‘ஒரு துறையில் ஒரு கருத்துக்கு’ என்று சேர்க்க வேண்டும். கான்கிரீட்டின் கீழே சொற்பட்டியில் இப்படி வரட்டும்: கட்டடத்தில் கான்கிரீட், இலக்கணத்திலும் தருக்கத்திலும் பருப்பொருள், சான்றுக்குக் கண்கூடான, திண்ணமான, மெய்யியலிலும் சமூகவியலிலும் திரண்ட, ஓவியத்துக்கும் இசைக்கும் அவரவர் இட்ட பெயரையே வைத்து ஒரு வரி விளக்கம். ‘நடவடிக்கை’க்கு முன்னால் மட்டும் எந்தச் சொல்லும் வேண்டா, நடவடிக்கை இன்னது என்று எழுதிவிடலாம். திருத்தத்தை வழிமொழிய ஒருவர் தேவை. பொறியியல் மாணவர் ஒருவர் முன்வந்தால் நன்றாயிருக்கும்.